தாய்ப்பாலில் எல்லாம் இருக்கு... இரும்பு மட்டும் இல்லை! - பன்றிக்குட்டிகளின் முதல் மூன்று வாரக் கணக்கு

ஒரே ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகள். இரண்டு வாரம் வரை எல்லாமே துள்ளிக்கொண்டு ஓடும். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலையில் கொட்டகையைத் திறந்தால், ஒரு குட்டி செத்துக் கிடக்கும். பார்த்தால் அது நோஞ்சான் குட்டியாக இருக்காது. கூட்டத்திலேயே கொழுகொழுவென வளர்ந்த குட்டியாக இருக்கும்!

வெண்பன்றி வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்களைக் குழப்பும் விஷயம் இது. வயிறு முட்டப் பால் குடித்த குட்டிக்கு என்ன குறை? காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, அடிபட்ட காயமும் இல்லை.

குறை இருப்பது அது குடித்த பாலில்தான். தாய்ப்பன்றியின் பாலில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது. பாஸ்பரஸ், பொட்டாசியம், துத்தநாகம், தாமிரம் என மற்ற தாதுக்களும் தேவைக்கு இருக்கின்றன. இரும்பு மட்டும் பெயருக்குத்தான் இருக்கிறது. குட்டி ஈன்ற முதல் சில நாள்களில் அந்தப் பாலில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன, அவை எப்படி மாறுகின்றன என்று தெரிந்துகொண்டால், அந்தக் கொழுத்த குட்டியைக் காப்பாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

முதல் நாள்... சீம்பால்!

சீம்பால் என்றதும் நமக்கு மாட்டின் சீம்பாலும், அதில் கருப்பட்டி போட்டுக் கிண்டியதும்தான் நினைவுக்கு வரும். பன்றிக்கும் சீம்பால் உண்டு. மாட்டைப் போலவே பன்றிக்கும், நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை. அதனால் பன்றிக்குட்டி கிட்டத்தட்ட எதிர்ப்புசக்தியே இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து சீம்பால்தான்.

இதற்கு நேரக் கெடு உண்டு. பிறந்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் குட்டியின் குடல், அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடும் வாசலை மூடிவிடும். தாயின் மடியில் சுரக்கும் எதிர்ப்புப் புரதமும் முதல் நாளிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எனவே ஒரு குட்டிக்கு முதல் நாளில் சுமார் 250 கிராம் சீம்பாலாவது கிடைக்க வேண்டும் என்பது பண்ணைகளில் வைத்திருக்கும் கணக்கு.

இந்தச் சீம்பாலின் தாதுக் கணக்கு, பிறகு வரும் பாலின் கணக்குக்கு நேர்மாறானது. சோடியமும் பொட்டாசியமும் சீம்பாலில் அதிகம். துத்தநாகம் கிலோவுக்குச் சுமார் 15 மில்லிகிராம் வரை இருக்கும். சில நாள்களில் அது பாதியாகக் குறைந்துவிடும். தாமிரமும் அப்படித்தான். முதல் நாளில் 3, 4 மில்லிகிராம் என இருப்பது, பிறகு 1 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால், சுண்ணாம்புச்சத்து? சீம்பாலில் கிலோவுக்கு 1 கிராம்கூட இருக்காது. சுமார் 0.7, 0.8 கிராம்தான்.

ஒன்றிரண்டு வாரங்களில் இரண்டரை மடங்கு!

அடுத்த சில நாள்களில் காட்சி மாறுகிறது. சீம்பால் மெல்லப் பாலாக மாற மாற, சுண்ணாம்புச்சத்து ஏறிக்கொண்டே போகும். ஒன்றிரண்டு வாரங்களில் கிலோவுக்குச் சுமார் 2 கிராம் என்ற அளவைத் தொடும். பாஸ்பரஸும் கூடவே ஏறும். சோடியம் இறங்கும். இனம், தீவனம், எத்தனையாவது ஈற்று என்பதைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் முன்பின் மாறலாம். ஆனால் எது ஏறும், எது இறங்கும் என்பது எல்லாப் பன்றிகளுக்கும் ஒன்றுதான்.

இப்படி மாறுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கேசின் என்ற பால் புரதம். தயிர் உறைவதும் பனீர் திரள்வதும் இந்தப் புரதத்தால்தான். பாலில் இருக்கும் சுண்ணாம்பையும் பாஸ்பரஸையும் பெருமளவு சுமந்து வருவதும் இதுதான். சீம்பாலில் எதிர்ப்புப் புரதங்களே நிறைந்திருப்பதால் கேசினின் பங்கு குறைவு. நாள் ஆக ஆக கேசின் கூடுகிறது, அது சுமக்கும் சுண்ணாம்பும் கூடுகிறது.

இரண்டாவது, மடியில் இருக்கும் செல்களின் நெருக்கம். குட்டி ஈனும் சமயத்தில் பால் சுரக்கும் செல்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். ரத்தத்தில் இருக்கும் சோடியம் அந்த வழியாகப் பாலில் கசியும். ஓரிரு நாள்களில் அந்த இடைவெளிகள் இறுக்கமாக அடைபட்டுவிடும். சோடியம் குறையும், பால் சர்க்கரையான லாக்டோஸ் கூடும்.

லிட்டருக்கு 2 கிராம் சுண்ணாம்பு என்றால் எவ்வளவு? பசும்பாலில் சுமார் 1.2 கிராம் இருக்கிறது. மனிதத் தாய்ப்பாலில் சுமார் 0.3 கிராம்தான். இதற்கும் வளர்ச்சி வேகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மனிதக் குழந்தையின் பிறப்பு எடை இரண்டு மடங்காக சுமார் ஐந்து மாதங்கள் ஆகும். கன்றுக்குட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவில் பிறக்கும் பன்றிக்குட்டியோ ஒரு வாரம், பத்து நாளிலேயே இரண்டு மடங்காகிவிடும். அந்த வேகத்தில் எலும்பு முற்ற வேண்டுமானால், பாலில் இவ்வளவு சுண்ணாம்பு இருந்தே ஆக வேண்டும்.

பன்றிப் பாலைக் கறப்பது எப்படி?

'இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்? பன்றியை யாராவது கறப்பார்களா?' என்ற சந்தேகம் வருவது இயல்பு. மாட்டின் மடியைப் போல, பன்றியின் மடியில் பால் தேங்கி நிற்க இடம் கிடையாது. 12, 14 காம்புகள் இருந்தாலும் எப்போது பிடித்து இழுத்தாலும் பால் வராது. சுமார் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, தாய் ஒரு தாளத்தோடு உறுமிக் குட்டிகளைக் கூப்பிடும். குட்டிகள் முட்டி முட்டி மடியைப் பிசையும். பிறகு பால் இறங்கும். அதுவும் 10 முதல் 20 விநாடிகள்தான்!

ஈனும் நேரத்தில் மட்டும் சீம்பால் தடையில்லாமல் வரும் என்பதால், அதைக் கையால் எடுத்துவிடலாம். பிறகு ஆய்வுக்குப் பால் வேண்டுமென்றால், தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, பால் இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கறந்துகொள்கிறார்கள்.

பற்றாக்குறை பட்ஜெட்

இனி இரும்புக்கு வருவோம். இதை வீட்டுச் செலவுக் கணக்கு போலப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

* கையிருப்பு: பிறக்கும்போது குட்டியின் உடலில் இருக்கும் மொத்த இரும்பு சுமார் 50 மில்லிகிராம். இதில் பெரும்பகுதி ஏற்கெனவே ரத்தத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. தனியாக எடுத்துச் செலவழிக்கக்கூடிய சேமிப்பு மிகக் குறைவு.
* செலவு: குட்டி வளர வளர ரத்தமும் கூட வேண்டும். அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் இரும்பு தேவை. வேகமாக வளரும் குட்டிக்கு இன்னும் அதிகம்.
* வரவு: பாலில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான் இரும்பு. குட்டி குடிக்கும் பாலில் நாளொன்றுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1 மில்லிகிராம் அளவுதான்.

ஆக, தினமும் 6 மில்லிகிராம் துண்டு விழுகிறது. முதல் வாரம் கையிருப்பில் ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில் இழுபறி. மூன்றாவது வாரத்தில் ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 8 கிராமுக்குக் கீழே போய்விட்டால் குட்டிக்கு ரத்தசோகை வந்துவிட்டது என்று அர்த்தம்.

கொழுத்த குட்டி முதலில் விழுவது ஏன் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நன்றாகப் பால் குடிக்கும் குட்டி வேகமாக வளர்கிறது. வேகமாக வளரும் உடலுக்கு இரும்புச் செலவும் அதிகம். பாலில் வரும் இரும்போ மிகக் கொஞ்சம். எனவே கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு போதாமல் இதயம் திணறுகிறது. ஒரு சின்ன ஓட்டம், ஒரு சண்டை போதும், குட்டி சுருண்டு விழுந்துவிடும்.

தாய்க்கு இரும்பு கொடுத்தால் சரியாகிவிடுமா?

எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை இதுதான். தாயின் தீவனத்தில் இரும்புச்சத்தைக் கூட்டினால் பாலிலும் கூடிவிடாதா? கூடாது. தாய் எவ்வளவு இரும்பு சாப்பிட்டாலும், பாலில் இறங்கும் அளவு பெரிதாக மாறுவதில்லை. சினைக் காலத்தில் கொடுத்தாலும், கருவில் இருக்கும் குட்டியின் கையிருப்பில் பெரிய மாற்றம் வருவதில்லை.

இயற்கை ஏன் இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறது? அதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. குடலில் கழிச்சலை உண்டாக்கும் பல பாக்டீரியாக்களுக்கும் பெருக இரும்பு தேவை. பாலில் இரும்பு குறைவாக இருப்பதும், இருக்கும் இரும்பையும் லாக்டோஃபெரின் என்ற புரதம் பிடித்துவைத்துக்கொள்வதும், அந்தக் கிருமிகளைப் பட்டினி போடும் வழியாக இருக்கலாம். பிஞ்சுக் குடலுக்கு அது ஒரு பாதுகாப்பு.

மண்ணில் இருந்த மருந்து

அப்படியானால் காட்டுப்பன்றிக் குட்டிகள் எப்படிப் பிழைக்கின்றன? தெருவிலும் ஏரிக்கரையிலும் திரிந்த நாட்டுப்பன்றிக் குட்டிகளுக்கு யார் ஊசி போட்டார்கள்?

யாரும் போடவில்லை. பிறந்த சில நாள்களிலேயே அவை மூக்கால் மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். மண்ணோடு ஒட்டிய வேர், புல், புழு என வாயில் போகும் ஒவ்வொன்றோடும் கொஞ்சம் மண்ணும் போகும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். தாயின் பால் தராததை, தாய் அழைத்துப்போன மண் தந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்த அந்த 6 மில்லிகிராம் இப்படித்தான் நிரம்பியது.

பன்றிகளைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து, தினமும் கழுவிவிடும் சிமென்ட் தரையில் வளர்க்கத் தொடங்கியதும் அந்த வரவு நின்றுபோனது. சுத்தம் வந்தது, குடற்புழுத் தொல்லை குறைந்தது. கூடவே ரத்தசோகையும் வந்தது.

கொட்டகைக் குட்டிகளை வாட்டிய இந்த நோய்க்கு இரும்புக் குறைதான் காரணம் என்று மெக்கோவன், கிரிச்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1923-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். அதன் பிறகு கொட்டகைக்குள் செம்மண் போடுவது, இரும்பு உப்புக் கரைசலைத் தாயின் காம்பில் தடவுவது, வாய்வழியே சொட்டு விடுவது எனப் பல வழிகள் கையாளப்பட்டன. 1950-களில் அயர்ன் டெக்ஸ்ட்ரான் என்ற ஊசி மருந்து வந்த பிறகு, வேலை எளிதாகிவிட்டது. இன்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் குட்டிகளுக்குப் போடப்படுவது பெரும்பாலும் இந்த ஊசிதான்.

மூன்றாம் நாள் ஊசி

குட்டி பிறந்த 3-ம் நாள் வாக்கில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடுவது பரவலான நடைமுறை. மூன்று வாரத்தில் பாலில் துண்டு விழும் இரும்பு எவ்வளவு? நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 21 நாளைக்கு 126 மில்லிகிராம். அதை ஈடுகட்டி, குட்டி தீவனம் தின்னப் பழகும் வரை தாங்கும் அளவுதான் 200.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. மருந்தின் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பாட்டிலில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 200 இருக்கும். பக்கத்துப் பண்ணையில் '2 மில்லி போட்டோம்' என்றார்கள் என்று அப்படியே போட்டால், அளவு இரண்டு மடங்காகிவிடலாம். லேபிளைப் பார்த்து, மில்லிகிராம் கணக்கில்தான் போட வேண்டும்.

ஊசியைத் தொடையில் போடாமல் கழுத்தில் போடுவது நல்லது. தொடைக் கறியில் கறை படிவதும், நரம்பில் குத்திக் குட்டி நொண்டுவதும் தவிர்க்கப்படும். தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் சத்துகள் குறைவாக இருந்தால், அதன் குட்டிகளுக்கு இரும்பு ஊசியே விஷமாகிவிடுவதும் உண்டு. எனவே முதல்முறை ஊசி போடும்போது கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

ஊசிக்கு வழியில்லாத இடத்தில் மண் வைத்தியம் இன்றும் கைகொடுக்கும். ஆனால் மற்ற பன்றிகள் நடமாடாத இடத்திலிருந்து எடுத்த சுத்தமான மண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்போடு புழு முட்டையும் சேர்ந்து வந்துவிடும்.

தாயின் எலும்பிலிருந்து...

குட்டியின் கணக்கைப் பார்த்தோம். தாயின் கணக்கையும் பார்க்க வேண்டும். பத்துக் குட்டிகளுக்கு ஊட்டும் தாய், ஒரு நாளைக்கு 8 லிட்டர் அளவுக்குப் பால் கொடுக்கும். லிட்டருக்கு 2 கிராம் என்றால், தினமும் 16 கிராம் சுண்ணாம்பு மடி வழியாக வெளியேறுகிறது. நான்கு வாரத்தில் ஏறக்குறைய 450 கிராம்.

இரும்பு விஷயத்தில் கை விரிக்கும் பால், சுண்ணாம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காது. தீவனத்தில் சுண்ணாம்பு குறைந்தாலும், பாலில் அது எளிதில் குறையாது. தாய் தன் எலும்பிலிருந்து கரைத்துக் கொடுக்கும். அந்தக் கடன் அடைபடாமல் போனால், பால் மறக்கும் சமயத்தில் எழுந்து நிற்க முடியாமல் பின்னங்கால்கள் தளர்ந்துவிடும். சில நேரம் இடுப்பிலோ தொடையிலோ எலும்பு முறிந்தும்விடும். தன் உடலே முழுசாக வளர்ந்து முடியாத, முதல் ஈற்றுப் பன்றிகளுக்கு ஆபத்து அதிகம்.

ஹோட்டல் மிச்ச உணவையும் தவிட்டையும் மட்டுமே நம்பி வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சோற்றில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருந்தாலும், அதில் பெரும்பகுதி பன்றியால் செரிக்க முடியாத வடிவத்தில் இருக்கிறது. வயிறு நிறையும், எலும்பு தேயும். சினைக் காலத்தின் கடைசியிலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாது உப்புக் கலவை சேர்ப்பது இதற்காகத்தான்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருக்கும் பன்றிகள் சுமார் 90 லட்சம். இவற்றை வளர்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு தாய்ப்பன்றிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு குடும்பங்கள். அந்த வீடுகளில் ஓர் ஈற்றில் இரண்டு குட்டிகள் போவது, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று நினைத்திருந்த பணம் போவதற்குச் சமம். தமிழ்நாட்டில் வளர்க்க விரும்புபவர்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தையோ, அருகிலிருக்கும் கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.

நம் வீட்டுக் குழந்தைக்கு?

இரும்பு குறைவாக இருப்பது பன்றிப் பாலில் மட்டுமல்ல. மனிதத் தாய்ப்பாலிலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான இரும்புதான் இருக்கிறது. ஆனால் பயப்படத் தேவையில்லை. நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தை, சுமார் ஆறு மாதத்துக்குத் தேவையான இரும்பைத் தன் உடலில் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. நம் குழந்தைகள் மெதுவாக வளர்வதால் அந்தச் சேமிப்பும் மெதுவாகத்தான் கரைகிறது. எனவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆறு மாதம் முடிந்ததும் கையிருப்பு தீரத் தொடங்கும். இணை உணவு தொடங்க வேண்டியது அப்போதுதான். பருப்பு, கீரை, முட்டை, மீன், ஈரல் என இரும்புச்சத்துள்ள உணவுகளை மசித்துக் கொடுக்கலாம். 'பால் நிறைய குடிக்கிறான், சாப்பாடுதான் இறங்க மாட்டேங்குது' என்று பசும்பாலையே டம்ளர் டம்ளராகக் கொடுப்பது சரியல்ல. பசும்பாலிலும் இரும்பு மிகக் குறைவு. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குச் சேமிப்பு குறைவாக இருக்கும் என்பதால், மருத்துவர்கள் முன்கூட்டியே இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வார்கள். அதை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

பன்றி வளர்ப்போர் கவனத்துக்கு...

* பிறந்த ஒவ்வொரு குட்டியும் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பாருங்கள். மெலிந்த குட்டிகளை மடியில் கொண்டுபோய் விடுங்கள். குட்டிகள் அதிகம் இருந்தால், கொழுத்த குட்டிகளைச் சற்று நேரம் தள்ளி வைத்து மற்றவற்றுக்கு வழிவிடுங்கள்.
* 3-ம் நாள் இரும்பு ஊசியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நன்றாக இருக்கும் குட்டிக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அதற்குத்தான் முதலில் தேவை.
* காதும் மூக்கும் வெளிறுவது, முடி சிலிர்த்து நிற்பது, கொஞ்சம் ஓடினாலே விலா துடிக்க மூச்சு வாங்குவது ஆகியவை ரத்தசோகையின் அறிகுறிகள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.
* தாய்க்குத் தாது உப்புக் கலவையைப் பால் மறக்கும் வரை நிறுத்தாதீர்கள். எழ முடியாமல் தடுமாறும் தாயைத் தடியால் விரட்டாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம்.
* குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாக வைத்துப் பழக்குங்கள். பால் தராத இரும்பு அதில் கிடைக்கும்.

ஊசிக்கு ஆகும் செலவு, ஒரு குட்டியின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மண்ணைக் கிளறிப் பிழைத்த பிராணியைச் சிமென்ட் தரைக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். அது இழந்த இரும்பைத் திருப்பிக் கொடுப்பதும் நம் பொறுப்புதான்.